பச்சைப் பொட்டு இல்லாத பெட்டி

செய்தி வந்தபோது நான் பேராதனையில் ஒரு வீட்டில் ஏணிமேல் நின்று கேமரா பொருத்திக்கொண்டிருந்தேன். கடையில் என்னோடு வேலை செய்யும் ஸ்டெல்லா அக்கா காலையில் வீட்டில் விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது என்று முதலாளி போனில் சொன்னார். முந்தின நாள் மாலைதான், ஒரு சாமானை இன்னும் சோதித்துத் தரவில்லை என்று அக்காவை முறைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தேன்.

கண்டி நகரில் எங்கள் கடையை அறிந்தவர்களுக்கு அவரையும் தெரியும். இணையத்தோடு இணைத்து போனில் இயக்கும் கேமரா, கதவுப் பூட்டு, தண்ணீர் மோட்டர் சுவிட்ச் எல்லாம் விற்கிறோம். நான் பொருத்துபவன், அக்கா சோதிப்பவர். சோதனையில் தேறிய பெட்டியில் பச்சை நெய்ல் பொலிஷால் ஒரு பொட்டு வைப்பார். பொட்டில்லாத பெட்டி கடை வாசலைத் தாண்டாது. பிடிவாதக்காரி, வாயும் கொஞ்சம் நீளம். "வேல செய்யுதான்னு எல்லாரும்தான் பாப்பாங்க. கரண்ட் போனா என்னா செய்யும்னு நாமதான் பாக்கணும்" என்பார்.

மடவளை ஊர் வியாபாரி ஒருவர் புது வீட்டுக்குக் கதவுப் பூட்டு கேட்டு அவசரப்படுத்தினார். அக்கா அந்தப் பூட்டை எங்கள் ஸ்டோர் கதவில் மாட்டச் சொல்லி, தானே உள்ளே போய் நின்றுகொண்டு, கரண்டை நிறுத்தச் சொன்னார். பூட்டு உள்ளேயிருந்தும் திறக்கவில்லை, வெளியேயிருந்தும் திறக்கவில்லை. கதவை உடைத்துத்தான் அவரை எடுத்தோம். வேர்த்து வழிய வெளியே வந்தவர், வீடு தீப்பிடித்து உள்ளே பிள்ளைகள் இருந்தால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டார். முதலாளி உடைந்த கதவைப் பார்த்துப் புலம்பினார், ஆனாலும் அந்தப் பூட்டுகளை எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டார்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. வாடிக்கையாளர்கள் பாஸ்வேர்டை மறந்துவிட்டு நச்சரிப்பார்கள் என்று, எல்லா வீட்டுக்கும் கடையின் போன் நம்பரையே பாஸ்வேர்டாகப் போட்டுவிடுவோம். அந்த நம்பர் பெயர்ப்பலகையிலேயே இருக்கிறது. அது தெரியவந்ததும் அக்கா என்னைக் கூப்பிட்டு, புசல்லாவையில் நான் கேமரா பொருத்திய வீட்டை அந்த நம்பரைப் போட்டே தன் போனில் திறந்தார். ஒரு பெண் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். சட்டென்று திரையைக் கையால் மூடினார். "நம்ம வீட்டுப் புள்ளன்னா இப்பிடி விட்டுருப்பியா?" அன்றைக்கே என்னைப் புசல்லாவைக்கு பஸ் ஏற்றினார். பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது, ஏன் மாற்றுகிறோம் என்பதையும் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வரவேண்டும் என்றார். சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்காமலே தலையாட்டினாள்.

இவ்வளவையும் கூட இருந்து பார்த்த நான் செய்த வேலையைக் கேளுங்கள். அக்காவின் ஒரே மகன் டெரன்ஸ் இத்தாலியில் இருக்கிறான். விசா சிக்கலால் அவனால் அடக்கத்துக்கு வரமுடியவில்லை. "பொட்டிய மூடுற வரைக்கும் அம்மா மொகத்த நான் பாத்துக்கிட்டே இருக்கணும் மாமா" என்று என்னிடம் போனில் அழுதான். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கடைக்கு ஓடி, அலுமாரியிலிருந்து ஒரு புதுக் கேமராவை எடுத்துக்கொண்டு கட்டுகஸ்தோட்டையிலிருந்த அக்கா வீட்டுக்குப் போனேன். கேமராப் பெட்டியில் பச்சைப் பொட்டு இல்லை. அதைக் கண்ணால் பார்த்தேன். பொட்டு வைக்கும் ஆள் போய்விட்டாரே என்று நினைத்தேனே தவிர, நானே சோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றவில்லை. அப்படியே சுவரில் மாட்டினேன்.

செபமாலை சொல்லி முடித்து, சனம் அக்காவை முத்தமிடக் குனிந்தபோது கேமரா அலறியது. ஆள் அசைந்தால் சைரன் அடிப்பது அதன் பழக்கம், அதை நான் நிறுத்தியிருக்கவில்லை. கதிரைமேல் ஏறி அதை அடக்குவதற்குள் உடம்பெல்லாம் கூசிவிட்டது. அத்தோடு விட்டது என்று நினைத்தேன். சவப்பெட்டியை மூடும் நேரம் மழை பிடித்து, கரண்ட் போனது. கேமராவும் ரவுட்டரும் அணைந்தன. கரண்ட் போனாலும் அவை இரண்டையும் ஓடவைக்கும் பேட்டரி கடையில், அக்காவின் மேசைக்கடியில் கிடந்தது. போனில் காட்டலாம் என்றால் அந்தப் பள்ளத்து வீட்டில் சிக்னல் இல்லை. கோவிலில் ஃபாதர் காத்திருந்தார். பெட்டியை மூடினார்கள்.

பின்னேரம் டெரன்ஸ் போன் எடுத்தான். திட்டுவான் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அம்மான்னா மொதல்ல பிளக்கக் கழட்டிப் பாத்துருப்பாங்க, மாமா."

அவன் சொன்னதை அவரை அறிந்த உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன்.

அக்காவின் நெய்ல் பொலிஷ் போத்தல் இப்போது என் மேசையில் இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுவும், கரண்ட் போனால் என்ன செய்யும் என்ற அவர் கேள்வியும்தான். வரும் ஞாயிறு கோவிலில் அவருக்கான நினைவுத் திருப்பலி. அதை டெரன்ஸுக்குக் காட்ட ஒரு கேமராவை எடுத்து வைத்திருக்கிறேன். சைரனை நிறுத்தினேன், பாஸ்வேர்டை மாற்றினேன், பேட்டரியோடு இணைத்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். படம் நிற்கவில்லை. என் கையால் முதல் பச்சைப் பொட்டை வைத்தேன். இந்தத் தடவை அவன் எல்லாவற்றையும் தெளிவாகப் பார்ப்பான். ஆனால் பார்ப்பதற்கு அங்கே அம்மாவின் புகைப்படம் மட்டும்தான் இருக்கும்.