அண்ணன் ஓட்டிய இரண்டு கார்கள்

பள்ளங்கியில் பிறந்து, அறுபத்தேழு ஆண்டுகள் வாழ்ந்து, சென்ற ஐப்பசியில் எங்களைப் பிரிந்த அண்ணனுக்கு இன்று முதலாண்டு நினைவு. தந்தையார் மறைந்தபோது அண்ணனுக்கு வயது பதின்மூன்று, எனக்கு ஒன்பது. தம் படிப்பை நிறுத்தி என்னைப் படிக்க வைத்தார். நான் கணக்கு வாத்தியார் ஆனேன். அவர் கோடைக்கானல் பங்களா ஒன்றில் கார் ஓட்டினார். முப்பத்தொரு ஆண்டுகளில் ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை.

அங்கே கார்கள் இரண்டு. பழையது, கித்தான் கூரையை மடக்கித் திறக்கும் உயரமான வண்டி. மலையேற மூன்று இடங்களில் நின்று தண்ணீர் குடிக்கும். பிறகு வந்தது சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, உட்கார்ந்தால் தரையில் உட்கார்ந்தது போலிருக்கும். எது உசத்தி என்று நான் கேட்டதற்கு அண்ணன் சிரித்தார்.

"பழசு கெழவன்டா, மொனகிக்கிட்டே வீடு சேத்துரும். புதுசு புது மாப்பிள்ளை. வெரசா வரும், கல்லு தட்டுனா கோவிச்சுக்கும்."

ஒரு மழைநாள் காலையில் அண்ணிக்குக் கடும் வயிற்று வலி. குடல்வால் சீழ் பிடித்துவிட்டது, உடனே மதுரைக்குக் கொண்டு போங்கள் என்றார் மருத்துவர். எந்தக் காரையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார் பங்களாக்காரர். அண்ணன் பழைய காரின் கதவைத் திறந்தார். நான் தடுத்தேன்.

"அண்ணே, இது மலையெறங்கி வத்தலக்குண்டு போகவே ரெண்டரை மணி நேரம். அது ஒன்னேகால்ல போயிரும். கித்தான் வேற ஒழுகுது."

"ஏலே, மழை பேஞ்சு ரோடு எப்படிக் கெடக்கோ. இதுல அவ படுத்துக்கலாம், நீயும் கூட வரலாம்."

"படுக்கவா போறாங்க? நேரந்தாண்ணே முக்கியம்."

அண்ணிதான் முடித்து வைத்தார்: "உங்க தம்பி கணக்குப் போட்டாச்சுல்ல, கெளம்புங்க."

மண் சரிந்திருந்த ஒரு வளைவில் கல் ஒன்று சிவப்புக் காரின் அடிவயிற்றைக் கிழித்தது. எண்ணெய் முழுதும் ஒழுகியது. ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து வந்த பூண்டி ஊர் லாரியில், பூண்டு மூட்டைகளின் மேல் அண்ணியைக் கிடத்தி அண்ணன் கொண்டு போனார். மதுரை சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அண்ணன் என்னை ஒரு சொல்லும் சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகு பழைய கார் மலையேறும்போது மூன்று இடங்களில் அல்ல, நான்கு இடங்களில் நின்றது. நான்காவது இடத்தில் அவர் தண்ணீர் ஊற்றவில்லை.

நான் இரண்டு கார்களின் அடியிலும் அடிக்கோலை வைத்துப் பார்த்திருக்கிறேன். தரையிலிருந்து பழையதற்குப் பத்து அங்குலம், புதியதற்கு நாலரை. கல்லின் உயரம்தான் தெரியவில்லை. சாலைக்காரர்கள் அதை மறுநாளே பள்ளத்தில் தள்ளிவிட்டார்கள். அண்ணன் படுக்கையில் கிடந்த பதினொரு நாட்களில் ஒன்பதாம் நாள் கேட்டே விட்டேன்.

"கல்லு எவ்வளவு உசரம்ணே?"

"பாக்கலடா" என்றார். அந்தச் சாலையின் ஒவ்வொரு கல்லையும் அறிந்தவர்.

அந்தப் பதினொரு நாளும் முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த ஆறு வீட்டாருக்கும், இறுதிப் பயணத்தில் தோள் கொடுத்த நால்வருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணியை ஏற்றிச் சென்ற லாரி ஓட்டுநரின் பெயரை அன்று அண்ணன் கேட்டுக்கொள்ளவில்லை. இந்த நினைவு மலர் அவர் கைக்கு வந்து சேருமானால், நன்றியோடு ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஐயா, அந்தக் கல்லை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது எவ்வளவு உயரம்?