கொடுவாவின் குதிரைச் சிப்பாய்

முபீனாவிடம் வாதாடி ஜெயித்த லாரிக்காரன் கும்மிடிப்பூண்டியில் கிடையாது. இரும்பு உருக்கும் ஆலை ஒன்றின் எடைமேடையில் அவளுக்கு வேலை. "இன்னாம்மா, இவ்ளோ கம்மியா காட்டுது? கொஞ்சம் பார்த்துப் போடு" என்று குழைகிறவர்களுக்கும் எகிறுகிறவர்களுக்கும் அவளிடம் ஒரே பதில்தான். "இன்னொரு தபா மேடையில ஏத்துண்ணா. காட்றதைத்தான் எழுதுவேன்." அதற்குமேல் அவள் வாயைத் திறக்க மாட்டாள். அவர்களும் லாரியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அந்தப் பிடிவாதக்காரிதான், கம்ப்யூட்டரே சதுரங்கம் ஆடும்படி ஒரு புரோகிராம் எழுதினாள். காலேஜில் கம்ப்யூட்டர் படித்தவள். படிப்புக்கேற்ற வேலை கிடைக்கவில்லை என்பதற்காகப் படித்ததைக் கிணற்றிலா போட முடியும்? பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து ரயில். உட்கார இடம் கிடைத்த நாளெல்லாம் மடியில் லேப்டாப். புரோகிராமுக்குக் கொடுவா என்று பேர் வைத்தாள். ஏரி மீன்களில் அவளுக்குப் பிடித்தது அதுதான், வேறு காரணம் ஒன்றுமில்லை.

எழுதுவது பாதி வேலை, சோதிப்பது மீதி. எதையாவது மாற்றினால், வீட்டிலிருக்கும் பழைய கம்ப்யூட்டரில் பழைய கொடுவாவையும் புதுக் கொடுவாவையும் மோதவிட்டுவிட்டு வேலைக்குப் போவாள். பகல் முழுக்க இரண்டும் ஆடிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் வந்து பார்ப்பாள். புதுசு ஜெயித்திருந்தால் வைத்துக்கொள்வாள், இல்லையென்றால் மாற்றியதைத் தூக்கி எறிந்துவிடுவாள். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் அவள் கணவன் அஹ்சன், கருவாட்டுக் கடையை மறந்துவிட்டு, கொடுவாவோடு ஆட உட்கார்ந்துவிடுவான். தோற்றால் "மெஷினோட மனுசன் ஆடுவானா?" என்பான். ஜெயித்தால் தெருவுக்கே கேட்கும்.

சென்னையில் ஒரு சதுரங்க மன்றம், சொந்தமாகப் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இணையத்தில் போட்டி வைத்தது. கொடுவா சில ஆட்டம் தோற்றது, பல ஆட்டம் ஜெயித்தது. தோற்கடித்ததில் ஒன்று, போட்டியை நடத்திய மோகன்ராஜே எழுதிய புரோகிராம். வந்தது வினை. அன்றைக்கே போட்டியாளர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் மோகன்ராஜ் போட்டார்: கொடுவா திருட்டுச் சரக்கு, இலவசமாகக் கிடைக்கும் ஒன்றை எடுத்துப் பேர் மாற்றியிருக்கிறார்கள், போட்டியிலிருந்து நிறுத்திவைக்கிறோம். அப்புறம் தனியாக போன் செய்து, "நீங்களே விலகிட்டா மேட்டர் இதோட முடிஞ்சிடும் மேடம்" என்று தேனாய்ப் பேசினார்.

அஹ்சன் பயந்துவிட்டான். "உட்டுடு முபீனா. நமக்கு எதுக்கு இந்த பேஜாரு? பொழுதுபோவத்தானே எழுதுன?"

"பொழுதுபோவ எழுதுனா திருட்டுப் பட்டம் வாங்கிக்கணுமா? இப்போ விலகுனா, திருடிட்டு ஓடிட்டாள்னுதான் சொல்லுவாங்க. வந்து எடை போட்டுப் பாக்கட்டும்."

கோபத்துக்கு அழுகிறவள் அல்ல அவள், அன்று அழுதாள். அழுதுகொண்டே, எழுதியது மொத்தத்தையும் கொண்டுவருகிறேன், திறந்து பாருங்கள் என்று மோகன்ராஜுக்குப் பதில் அனுப்பினாள்.

லீவு போட்டுவிட்டு மன்றத்துக்குப் போனாள். மோகன்ராஜோடு சந்திரகலா என்ற நடுவரும் இருந்தார். மோகன்ராஜ் கொடுவாவின் வரிகளையும் அந்த இலவசப் புரோகிராமின் வரிகளையும் திரையில் அருகருகே வைத்தார்.

"பாருங்க, அடுத்த நகர்த்தலைத் தேடற முறை அப்படியே இருக்கு."

"புளி கரைச்சு ஊத்துனா எல்லாம் ஒரே ஊட்டுக் கொழம்பா சார்?" என்றாள் முபீனா. "அந்த முறை புக்குல கீது. நானும் படிச்சேன், நீங்களும் படிச்சீங்க. உங்களுதுலயும் அதேதானே கீது?"

மோகன்ராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கொடுவா தோற்ற ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்த சந்திரகலா, ஒன்றைத் திரையில் போட்டார். "இது ஏம்மா இப்படி? ஜெயிக்கிற ஆட்டம். குதிரை வரிசையில இருக்கிற சிப்பாய் கடைசிக் கட்டத்தைத் தொடப் போகுது, தொட்டா ராணி. அதைச் சும்மா தூக்கிக் கொடுத்திருக்கு. இன்னொரு ஆட்டத்துலயும் இதே கூத்துதான்."

பார்த்தவுடனேயே முபீனாவுக்குப் புரிந்துவிட்டது. உலகம் முழுக்கச் சிப்பாய் கடைசிக் கட்டத்தைத் தொட்டால், வேண்டிய காயைக் கேட்டு வாங்கலாம். பெரும்பாலும் ராணிதான் கேட்பார்கள். முபீனா வீட்டு வழக்கம் வேறு. அங்கே சிப்பாய் எந்தக் காயின் கட்டத்தில் போய் நிற்கிறதோ, அந்தக் காயாகத்தான் ஆகும். யானைக் கட்டமென்றால் யானை, குதிரைக் கட்டமென்றால் குதிரை. சின்ன வயதிலிருந்து அப்படி ஆடிப் பழகியவள், தொடக்கத்தில் அப்படியே எழுதிவிட்டாள். பிறகு போட்டிக்காக விதியை மாற்றினாள். எந்த வரிசைச் சிப்பாய்க்கு எவ்வளவு மதிப்பு என்ற கணக்கை மட்டும் மாற்ற மறந்துவிட்டாள். எவ்வளவு ஓடினாலும் குதிரைதானே ஆகப்போகிறது என்று கொடுவா அந்தச் சிப்பாயை அடிமாட்டு விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. சோதனையில் எப்படி அகப்படும்? பழைய கொடுவாவுக்கும் அதே புத்தி, புதுசுக்கும் அதே புத்தி, அவளிடம் ஆடப் பழகிய அஹ்சனுக்கும் அதே புத்தி.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தோடு சிரிப்பும் வந்தது. "இது எங்க ஊட்டு ஆட்டம் மேடம்" என்று வழக்கத்தைச் சொல்லி, தப்பு இருக்கும் வரிகளைத் தானே திறந்து காட்டினாள். பிறகு மோகன்ராஜ் பக்கம் திரும்பினாள். "நான் திருடுனேன்னு சொல்றீங்களே, அந்த புரோகிராம்ல இந்தத் தப்பு எங்க கீதுன்னு காட்டுங்க சார். பொறுமையா தேடுங்க. நான் உக்காந்துகினு இருக்கேன்."

தேடினார். இல்லை. "இதை யார்கிட்ட இருந்தும் காப்பியடிக்க முடியாது மோகன்ராஜ், விடுங்க" என்றார் சந்திரகலா.

"சரி, அடுத்த சுற்றுல சேத்துக்கறோம்" என்று மோகன்ராஜ் எழுந்தார்.

"சேத்துக்கறது இருக்கட்டும். திருட்டுன்னு போட்ட அதே குரூப்புல, இல்லன்னு போடுங்க."

"எல்லாருக்கும் தானா தெரிஞ்சிடும் மேடம்."

"திருட்டுன்னு தானாவா தெரிஞ்சுது? நீங்க போட்டுத்தானே தெரிஞ்சுது. போடுங்க. படிச்சுட்டுத்தான் போவேன்."

அவள் நாற்காலியை விட்டு அசையவில்லை. மோகன்ராஜ் முதலில் 'ஒரு சின்னக் குழப்பம்' என்று எழுதிக் காட்டினார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். 'கொடுவா, முபீனா சொந்தமாக எழுதியது. நான் சொன்னது தவறு' என்று அவர் போட்ட பிறகுதான் பையைத் தோளில் மாட்டினாள்.

வாசலில் சந்திரகலா நல்ல மனதோடு கேட்டார். "அந்தக் கணக்கை நான் சரிபண்ணித் தரட்டுமாம்மா?"

"வேணாம் மேடம். தப்பு என்னுது. திருத்தற கையும் என்னுதா இருக்கட்டும்."

திரும்பி வரும்போது ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. குதிரை வரிசைச் சிப்பாய்க்கு உரிய மதிப்பைப் போட்டாள். வீட்டு வழக்கப்படி ஆடும் பழைய கொடுவாவை அழிக்கவில்லை. வெள்ளிக்கிழமை அஹ்சனோடு ஆட அது வேண்டும். பொன்னேரி வருவதற்குள் குரூப்பில் அடுத்த சுற்றின் விவரம் வந்துவிட்டது. கொடுவாவுக்கு முதல் ஆட்டமே மோகன்ராஜின் புரோகிராமோடு.

'ஏத்துங்க சார் மேடையில' என்று பதில் போட்டாள். குரூப்பில் யாருக்கும் அது விளங்கவில்லை. கும்மிடிப்பூண்டி லாரிக்காரர்களுக்கு விளங்கியிருக்கும்.