நான் அடைத்து வைத்த பள்ளத்தாக்கு

எழுபதுகளின் நடுவில் அபுதாபியில் ஒரு கட்டுமான ஆலோசனை அலுவலகத்தில் மூன்று வருடம் வரைபடம் போட்டேன். ஊரோடு போய்விடுவது என்று முடிவாகி டிக்கெட்டும் வந்துவிட்டது. விமானத்துக்கு முந்தின நாள் எங்கள் சர்வேயர் அண்ணாச்சி வேலையாக, எங்கள் கம்பெனி கட்டடம் எழுப்பப்போகும் ஒரு தீவுக்குப் போகிறார் என்று தெரிந்ததும், நானும் வருகிறேன் என்றேன்.

அந்தத் தீவின் நடுவில் ஓடும் பள்ளத்தாக்கை, அண்ணாச்சி எழுதிவந்த அளவுகளை வைத்து எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். நேரில் பார்த்ததில்லை. பெட்டிகூடக் கட்டவில்லை, ரூமில் எல்லோரும் சிரித்தார்கள்.

"நாளைக்கு பிளேன வச்சிக்கிட்டு இன்னைக்கு கடல்ல போணுமா தம்பி?" என்று கேட்டார் அண்ணாச்சி. தூத்துக்குடிக்காரர். போயே ஆக வேண்டும் என்றேன்.

அன்று விடிந்ததும் லாஞ்ச் என்ற மோட்டார் படகில் கிளம்பி, வெயில் ஏறும் முன் இறங்கினோம். எப்போதோ எரிமலை கக்கி உறைந்த கறுப்புக் கல், இடையிடையே துருச் சிவப்பு, இடுக்குகளில் உப்பு. நான் போட்ட கோடுகள் அப்படியே சுவர்களாக நிமிர்ந்து நின்றன. அடுத்த திருப்பம் எங்கே என்று அண்ணாச்சிக்கு முன்னால் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

கடைசித் திருப்பத்தில் பாறைச் சுவர் இருக்க வேண்டும். இல்லை. எதிரே காற்று வந்தது. பிளவு ஒடுங்கி மேலே ஏறி, அப்பால் மலைச்சரிவைப் பார்த்துத் திறந்து கிடந்தது. தரையில் மழை வெள்ளம் உருட்டிவந்த கூழாங்கற்கள். இடுப்பு உயரத்தில் சுவரில் மண் கறை.

படத்தில் இருந்த அந்தச் சுவர் நான் போட்டது. வரையும்போது அண்ணாச்சியின் குறிப்புப் புத்தகத்தில் அந்த ஒரு பக்கம் கடல் தண்ணீர் பட்டு அழிந்திருந்தது. அண்ணாச்சி அப்போது லீவில். அவசரத்தில் நானே கோட்டை வளைத்து மூடிவிட்டேன். காற்று அடிக்காத இடம் என்று அங்கேதான் கட்டட வேலைக்கு வரும் ஆட்களுக்கு கேம்ப் போடப் போகிறார்கள்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. அளவு டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார். லாஞ்ச்காரர் வந்து, காற்று மாறுகிறது, கலாஸ், யல்லா, போதும் கிளம்புங்கள் என்று இரண்டு முறை கூப்பிட்டார்.

"முடிச்சிட்டுத்தான் வருவோம்" என்று தமிழிலேயே பதில் சொன்னார் அண்ணாச்சி. முடித்த பிறகுதான் கிளம்பினோம். திரும்பும் வழியெல்லாம் அலை, இருவரும் நனைந்தோம். புத்தகத்தை பாலிதீன் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தேன்.

மறுநாள் அலுவலகம் திறக்கும்போதே வாசலில் நின்றேன். மதியம் விமானம். எஞ்சினியர் பம்பாய்க்காரர். படத்தில் கையெழுத்து ஆகிவிட்டது, அடுத்து வருகிறவன் பார்த்துக்கொள்வான், நீ கிளம்பு என்றார்.

"தப்பு என்னுது சார். திருத்தாம போக மாட்டேன்" என்றேன், எனக்குத் தெரிந்த இந்தியில்.

அவர் அலமாரிச் சாவியைக் கொடுத்தார். ட்ரேசிங் தாளில் பழைய கோட்டைப் பிளேடால் சுரண்டினேன். தாள் கிழிந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, புது அளவுகளின்படி பள்ளத்தாக்கைத் திறந்துவிட்டேன். வெள்ளம் வரும் வழி என்று பக்கத்தில் எழுதினேன். மை காய்ந்ததும் அவர் மறுபடி கையெழுத்துப் போட்டார். டாக்ஸியில் ஏறும்போதுதான் காலையில் சாப்பிடாதது நினைவுக்கு வந்தது.

ஆறு மாதம் கழித்து அண்ணாச்சியின் கடிதம் வந்தது. திருத்திய படத்தைப் பார்த்து கேம்பை மேட்டில் போட்டுவிட்டார்களாம். அங்கே காற்றும் தூசியும் தாங்கவில்லை, இடம் பார்த்தவன் யாரென்று ஆட்கள் தினமும் ஏசுகிறார்களாம்.