ஜெனிபர் மாட்டிய முன் டயர்

அந்தமானின் பாராடாங் துறையில் வண்டிகளை ஏற்றும் படகுக்காகக் காத்திருக்கிறோம். எனக்கு முன்னால் ஒரு கனமான டூரிங் பைக். முன் டயரில் ரப்பர் முடிகள் இன்னும் உதிரவில்லை. ஓட்டப்போகிறவர் ஜெனிபர். கணவர் அந்தோணி ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி தள்ளி நிற்கிறார்.

"புது டயரா?" என்று கேட்கிறேன்.

"நேத்து நானே மாத்துனேன் சார். பழசு நடுவுல தேஞ்சு தட்டையாப் போச்சு, வளைவுல மல்லுக்கட்டணும். இப்ப லேசா சாய்ச்சாலே திரும்புது."

"அதான் பயமா இருக்கு. புது ரப்பர் வழுக்கும். மாயாபந்தருக்கு நான் பஸ்லயே வர்றேன்," என்கிறார் அந்தோணி.

"அரே, புயல்லயும் படகெடுத்துக் கடலுக்குப் போற ஆளு பேசுற பேச்சா இது?"

படகு வந்து நிற்கிறது. ஏறும் இரும்புத் தளம் நனைந்திருக்கிறது. ஜெனிபர் வண்டியைச் சாய்க்காமல், முன் பிரேக்கைத் தொடாமல், மெதுவாக ஏற்றுகிறார். சக்கரம் கொஞ்சமும் விலகவில்லை. படகில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

அந்தோணி நடந்து ஏறி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின் இருக்கையில் உட்காருகிறார்.

"படகே இன்னும் கிளம்பலங்க," என்கிறார் ஜெனிபர்.

அந்தோணி என் பக்கம் திரும்புகிறார். "டயர் இவ மாட்டுனதுதான் சார்," என்கிறார், எனக்குத் தெரியாததுபோல.