உள்ளே வைத்துப் பூட்டிய காலை

என் கணவர் சிறைக்காவலர். கைதிக்காவது விடுதலை உண்டு, உங்களுக்கு வார விடுமுறைகூட இல்லையே என்று வாய்க்கு வந்தபடி பேசுவேன். சிரித்துக்கொள்வார். ஆள் பற்றாக்குறை. அடுத்த ஷிஃப்ட்காரர் வராவிட்டால் இவரே தொடர்ந்து நிற்க வேண்டும்.

அப்படி இரண்டு ஷிஃப்ட் பார்த்துவிட்டு ஒரு நாள் காலையில் திண்டிவனத்து வீட்டுக்கு வந்தார். குளித்தார், நின்றபடியே தோசையை விழுங்கினார், மறுபடியும் கிளம்பினார். வெளியே போய்க் கதவைச் சாத்திப் பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போயேபோய்விட்டார். சிறையில் அறைகளைப் பூட்டிப் பழகிய கை. நானும் மகளும் உள்ளே இருந்தோம்.

மகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எனக்கோ அப்படியொரு கோபம். போனில் கூப்பிடவும் வழியில்லை, வேலைக்குப் போகிறவர்கள் அதைச் சிறை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். ஜன்னலில் நின்று கூப்பிட்டதும் பக்கத்து வீட்டு அக்காதான் சுத்தியலோடு வந்து பூட்டை உடைத்தார்.

"இன்னாடி, உங்களையும் கைதின்னு நெனச்சிக்கினாரா?" என்றார். சிரித்தேன். சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. பெண்டாட்டி பிள்ளை உள்ளே இருப்பதுகூட நினைவில் நிற்காத அளவுக்கா ஒரு மனிதன் களைத்துப்போவான்?

காவலர்களுக்காக ஒரு சங்கம் இருந்தது. ஓய்வுபெற்ற காவலர் ஒருவர் நடத்தினார். காலியிடங்களை நிரப்ப வேண்டும், எட்டு மணி நேரம்தான் வேலை, வாரம் ஒரு நாள் ஓய்வு என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோயிருந்தார்.

"யூனிஃபார்ம் போட்டவங்க வாயத் தொறந்தா மெமோ வரும்மா. வூட்டுக்காரம்மாங்க நீங்க வந்து பேசுங்க" என்றார்.

காவலர் மனைவிமார் சிலர் சேர்ந்து சிறை அதிகாரியைப் பார்க்க விழுப்புரம் போனோம். முண்டியம்பாக்கம் தாண்டும்வரை பஸ்ஸில் மனப்பாடம் செய்த பேச்சு, அவர் அறைக்குள் நுழைந்ததும் மறந்துபோனது. பையிலிருந்த உடைந்த பூட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"எங்கள உள்ள வச்சிப் பூட்டிக்கினு போயிட்டாரு சார். அவரு மேல தப்பு இல்லீங்க, தூக்கம் இல்ல. வர்ற ஞாயித்துக்கெழம பொண்ணுக்குப் புதுநன்மை, மொத மொத நற்கருணை வாங்கப்போவுது. மாதா கோயில்ல அப்பா பக்கத்துல இருக்கணும்னு ஆசப்படுது."

அவர் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாக்குறேம்மா" என்றார். எல்லா அதிகாரிகளும் சொல்வதுதானே என்று திரும்பி வந்தோம்.

சனிக்கிழமை மாலை வீட்டுக்காரர் வந்து, "நாளைக்கி எனக்கு ஆஃப்" என்றார். அவராலேயே அதை நம்ப முடியவில்லை. காலியிடங்கள் இன்னும் நிரம்பவில்லை, சங்கம் இன்னும் நடையாய் நடக்கிறது. ஆனால் அன்றைக்கு அவர் எங்களுக்கு வாய்த்தார்.

வெள்ளை உடையில் மகள் நற்கருணை வாங்கியதைக் கண்கொட்டாமல் பார்த்தார். பிரசங்கத்தில் தூங்கியதை மட்டும் நான் கணக்கில் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் தரையிலேயே படுத்துவிட்டார்.

பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பிரியாணி கொடுக்க நானும் மகளும் கிளம்பினோம். பழக்க தோஷம், என் கை புதுப்பூட்டை எடுத்துவிட்டது. மகள் அதை மெல்ல வாங்கி உள்ளே வைத்தாள்.

"வேணாம்மா. அப்பா தூங்குறாரு."

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு நடந்தோம்.