பீரங்கி குப்புற விழுந்த வழக்கு

பீரங்கி என்பது கூண்டுச் சண்டைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர். வீட்டில் அவர் கதவைக்கூடச் சத்தம் வராமல் சாத்துகிற ஆள். கம்பிவலை அடித்த கூண்டுக்குள் இரண்டு பேரை விட்டுப் பூட்டி, குத்தலாம், உதைக்கலாம், கட்டிப் புரளலாம், கழுத்தை நெரிக்கலாம், எதிராளி தரையைத் தட்டினால் மட்டும் விட்டுவிட வேண்டும் என்று சொல்லி மணியடிக்கிற தொழில் அது. அதில் அவர் பத்து வருஷத்துக்கு மேல் காலம் தள்ளியிருந்தார். காதுகள் இரண்டும் கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி சுருங்கிவிட்டன. மூக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஜெயித்த சண்டைகளைப் பற்றிக் கேட்டால் உற்சாகமாகச் சொல்லுவார். டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடுவார்.

அவர் மனைவி தன் அண்ணனின் மெத்தைக் கடையில் தையல் மிஷினில் உட்காருபவள். கணவரின் டவுசரையும் அவளே தைத்தாள். கடையில் வாங்கியது உதைக்கும்போது தொடையில் கிழிந்துவிடுகிறது என்பது ஒரு காரணம். அப்படி ஒரு தடவை கிழிந்ததை ஊரே டிவியில் பார்த்தது இன்னொரு காரணம்.

சண்டை சொல்லிக்கொடுக்கிற மாஸ்டருக்கான சம்பளத்தையும் கையுறைச் செலவையும் அண்ணன் ஏற்றுக்கொண்டிருந்தான். ஒருநாள் தங்கையின் மிஷினுக்குப் பக்கத்தில் புது டவுசரைப் பார்த்ததும் அவனுக்கு ஒரு யோசனை வந்தது.

"மாப்பிள்ளை, முன்பக்கம் உங்க பேரு இருக்கு. பின்பக்கம் சும்மாத்தானே கெடக்கு?"

"அங்க என்ன மச்சான் போடறது?"

"கடை பேரைப் போட்டா தேஞ்சா போயிடும்?"

அவளும் மறுப்புச் சொல்லவில்லை. கறுப்புத் துணியில் வெள்ளை எழுத்தாக, 'அயர்ந்து தூங்க எங்கள் மெத்தை' என்று வெட்டி ஒட்டித் தைத்தாள். கீழே கடையின் போன் நம்பர். எழுத்து கோணாமல் இருக்கிறதா என்று மூன்று பேரும் தள்ளி நின்று பார்த்தார்கள். வேறு எதையும் யாரும் யோசிக்கவில்லை.

அந்த டவுசரோடு போன முதல் சண்டையில், இரண்டாவது ரவுண்டில் தாடையில் ஒன்று விழுந்தது. பீரங்கி முழங்காலில் இறங்கி, அப்புறம் மெதுவாகச் சாய்ந்து, கன்னத்தைத் தரையில் வைத்துக் குப்புறப் படுத்துவிட்டார். டாக்டர் டார்ச் லைட்டோடு கூண்டுக்குள் ஓடி வரும்வரை கேமராவுக்கு வேறு வேலை இல்லை. அது எழுத்தை நெருங்கிப் போய் நின்றது. வலியே தெரியாமல், வாயைக் கொஞ்சம் திறந்து, குழந்தை மாதிரி கிடந்தார் மனுஷன். அவருக்கு மேலே, அயர்ந்து தூங்க எங்கள் மெத்தை.

மறுநாள் காலையிலிருந்து கடை போன் ஓயவில்லை. கூப்பிட்டவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான். "அவருக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் இரட்டைக் கட்டில் மெத்தை என்ன விலை என்று கேட்டார்கள்.

அடுத்த சண்டையில் அவர் ஜெயித்தார். நேராக நின்று, கையைத் தூக்கி, கேமராவைப் பார்த்துச் சிரித்தார். பின்பக்கத்தை ஒருவரும் பார்க்கவில்லை. கடையில் ஒரு தலையணைகூட நகரவில்லை. அதற்கடுத்த இரண்டும் தோல்வி. இரண்டிலும் குப்புற. பஞ்சு வாங்கி மாளவில்லை.

அண்ணன் கெட்டவன் இல்லை. ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் வீட்டுக்கு வந்து, "ஜெயிச்சுட்டு வாங்க மாப்பிள்ளை," என்று சொல்லிவிட்டுத்தான் போவான். ஆனால் அந்தச் சொல்லில் சுரத்தே இருக்காது. அன்றைக்கே கடை வாசலில் பஞ்சு மூட்டைகள் வழக்கத்தைவிடக் கூடுதலாக இறங்கியிருக்கும். பீரங்கி மூட்டைகளைப் பார்ப்பார், அவற்றைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார். அவள் மிஷினில் தலையைக் குனிந்துகொள்வாள்.

இந்த விஷயத்தில் எதிரே இருந்த மெத்தைக் கடைக்காரருக்குத்தான் மூக்கில் வியர்த்தது. பீரங்கி விளம்பரத்துக்காக வேண்டுமென்றே விழுகிறார் என்று சண்டைச் சங்கத்தில் புகார் கொடுத்துவிட்டார். சங்கத்திலிருந்து போன் வந்தது: மாஸ்டரையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு விசாரணைக்கு வரவும். குற்றம் உறுதியானால் லைசென்ஸ் ஆயுளுக்கும் ரத்து.

பீரங்கிக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. லைசென்ஸ் போனால் மச்சான் கடைதான் கதி. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி அவருக்காக எப்போதோ போட்டாயிற்று. அதில் ஒரு நாளாவது உட்கார்ந்தால் தான் சண்டைக்காரன் என்பதை ஊர் மறந்துவிடும் என்று அவர் அந்த நாற்காலிப் பக்கமே போனதில்லை.

"நீ போய் என்னைப் பத்தி நல்லபடியா சொல்லு," என்றார் மனைவியிடம். "எப்படிப்பட்ட சண்டைக்காரன்னு எடுத்துச் சொல்லு."

"சொல்றேங்க," என்றாள்.

சங்கத்தின் ஆபீஸ் மாடியில் இருந்தது. படியேறும்போது மாஸ்டர் அவளைப் பின்னால் நிறுத்தினார்.

"ஏம்மா, உள்ள போய் அவனைத் தூக்கி வச்சுப் பேசிடாதே."

"ஏன் மாஸ்டர்?"

"நல்ல சண்டைக்காரன்னு சொன்னா, அப்புறம் ஏன்டா தோத்தேன்னு கேப்பாங்க. வேணும்னே விழுந்தான்னு ஆயிடும். அவனுக்கு நெஜமாவே வரலைன்னு நாம ரெண்டு பேரும் சொன்னாத்தான் தப்பிப்பான்."

கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் சொல்லாமல் மென்று விழுங்கிக்கொண்டிருந்த ஒன்றே ஒன்று அதுதான். அதைப் போய் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும்.

சங்கத்தின் தலைவர் பல் டாக்டர். அடிபட்ட வாய்களைப் பார்த்துப் பார்த்து இந்த விளையாட்டில் ஈடுபாடு வந்தவர். அவருக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற நடுவர் ஒருவர், காது கொஞ்சம் மந்தம். டிவியில் பீரங்கி விழுந்த சண்டைகளைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, மறுபடி விழவிட்டார்கள். தான் அத்தனை தடவை விழுவதைப் பீரங்கி கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப ஒழுங்கா விழறாரே," என்றார் தலைவர். "எழுத்து ஒண்ணுகூட மடங்கலை."

மாஸ்டர் எழுந்தார். "சார், இவன் டவுசர்ல எதுவும் எழுதாத காலத்துலயும் இப்படித்தான் விழுந்தான். உழைப்பான், குறை சொல்ல மாட்டேன். விடியறதுக்கு முன்னாடி வந்து கயிறு தாண்டுவான். ஆனா கைக்கும் மூளைக்கும் நடுவுல எங்கயோ தபால் தாமதமாகுது."

பீரங்கி மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்கம்மா," என்றார் தலைவர்.

அவள் கணவரின் பக்கம் பார்க்காமல் எழுந்தாள். "வீட்லயும் குப்புறத்தான் படுப்பாருங்க. மல்லாந்து படுத்து நான் பார்த்ததில்லை."

"அது சரி. சண்டை?"

"அவரு வலது கையை வீசறதுக்கு முன்னாடி இடது தோளை ஒரு தடவை குலுக்குவாருங்க. கதவைத் திறக்கும்போதும் அப்படித்தான். பாத்திரத்தை எடுக்கும்போதும் அப்படித்தான். அடுப்படியில நிக்கிற எனக்கே, இதோ கை வரப்போகுதுன்னு தெரியுது. எதிர்ல நிக்கிறவனுக்குத் தெரியாதா?"

தலைவர் டிவியை மறுபடி ஓட்டினார். தோள் குலுங்கியது, எதிராளி சிரித்தான், பீரங்கி விழுந்தார். அடுத்த சண்டையில் தோள் குலுங்கியது, விழுந்தார். "அடடா," என்றார் தலைவர், எக்ஸ்ரேயில் சொத்தையைக் கண்டுபிடித்தவர் போல.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டார் ஓய்வுபெற்ற நடுவர்.

"திறமை இல்லையாம்," என்று அவர் காதருகே உரக்கச் சொன்னார் தலைவர்.

அந்தச் சத்தத்தில்தான் பீரங்கி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அவர் முகத்தை அப்படி அவள் பார்த்ததில்லை.

"வேணும்னுதான் விழுந்தேன்," என்றார்.

மாஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். அவள் கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "என்னங்க, உட்காருங்க."

"நீ சும்மா இரு. எல்லாம் நடிப்பு சார். நெனச்சிருந்தா அத்தனை பேரையும் முதல் ரவுண்டுலயே முடிச்சிருப்பேன். மெத்தைக்காகத்தான் விழுந்தேன். லைசென்ஸை எடுத்துக்குங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னைக்கு ரெண்டாவது ரவுண்டுல அவன் தாடையில அடிச்சது உங்க மேல படலையா?"

"படவே இல்லை."

"அந்த அடியில ஆடிப்போன கடைவாய்ப் பல்லு ரெண்டையும் பிடுங்கினது நான்தானே? வாயைத் திறங்க."

பீரங்கி நின்றபடியே யோசித்தார். அப்புறம், பல் டாக்டர் சொன்னால் யாரும் செய்வதுபோல, வாயைத் திறந்தார். தலைவர் மேஜைமேல் சாய்ந்து எட்டிப் பார்த்தார். ஓய்வுபெற்ற நடுவரும் எட்டிப் பார்த்தார். வாக்குமூலம் அத்தோடு முடிந்தது.

'சூது ஏதும் இல்லை; தோல்விகளுக்குத் திறமைக் குறைவே காரணம்' என்று சங்கத்தின் முத்திரையோடு எழுதிக் கொடுத்து லைசென்ஸையும் கையில் தந்தார்கள்.

பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்கு வரவே வராதா?"

"வரும்," என்றாள். "மெதுவா வரும். அதுக்குள்ள அவனுது வந்துடுது."

"தோள் விஷயத்தை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"எப்பங்க சொல்றது? சண்டை முடிஞ்சு வந்தா தைலம் தேய்க்கவே நேரம் சரியாயிருக்கு."

அடுத்த நாள் சாயங்காலம், கடை மூடியபின், அவர் தையல் அறையில் நிமிர்த்தி வைத்த ஒரு மெத்தைக்கு எதிரே வந்து நின்றார். அவள் அவருடைய இடது தோளில் ஒரு நூல்கண்டை வைத்தாள். "இது விழாம அடிங்க." அடித்தார். நூல்கண்டு மிஷினுக்கு அடியில் உருண்டது. அவள் குனிந்து எடுத்து மறுபடி வைத்தாள். இப்படியே பல வாரம் போயிற்று. அவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மெத்தையில் பள்ளம் விழுந்தது. அண்ணன் அதைத் தள்ளுபடி விலையில் விற்றான்.

இதற்கிடையில் ஓர் அதிசயம் நடந்தது. சங்கம் கொடுத்த தீர்ப்பு எப்படியோ வெளியே பரவி, பீரங்கிக்கு எல்லாப் பக்கத்திலிருந்தும் அழைப்பு வந்தது. வளர்ந்துவரும் பையன்களைச் சண்டைக்கு இறக்குகிற கம்பெனிகளுக்கு, அவர்களை ஜெயிக்கவைத்துப் பெயர் ஏற்ற, எந்தச் சந்தேகமும் இல்லாமல் தோற்கக்கூடிய ஆள் தேவைப்பட்டது. "அத்தாட்சியோட தோக்கறவர் கிடைக்கறது கஷ்டம் சார்," என்று ஒரு கம்பெனிக்காரர் போனிலேயே மரியாதையாகச் சொன்னார். பீரங்கி பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார்.

முதலில் அனுப்பிய பையனுக்கு மின்னல் என்று பெயர். அதுவரை தோற்றதே இல்லை. கூண்டுக்குள் வந்ததிலிருந்து பீரங்கியின் இடது தோளையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். தோள் குலுங்கவே இல்லை. கை மட்டும் வந்தது. மின்னல் மல்லாந்து விழுந்தான்.

பீரங்கி ஒரு தடவை தனக்குப் பின்னால் திரும்பி, வேறு யாராவது அடித்தார்களா என்று பார்த்தார். கேமரா மின்னலிடம் போய், அவன் டவுசரின் முன்பக்கம் ஒன்றுமே எழுதியிராததைக் கண்டு திரும்பி வந்தது. பார்வையாளர் வரிசையில் அவள் எழுந்து நின்றுவிட்டாள். அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னம்மா இது, பஞ்சு இறக்கிட்டேனே," என்றான்.

மறுவாரமே மின்னலின் கம்பெனி சங்கத்தில் புகார் கொடுத்தது. பையன் விலைபோய்விட்டான் என்றது. பீரங்கியிடம் உண்மையாகத் தோற்க முடியாது. அதைச் சங்கமே முத்திரை போட்டுச் சொல்லியிருக்கிறது. சந்தேகம் உறுதியானால் மின்னலின் லைசென்ஸ் போகும், பீரங்கியின் வெற்றியும் செல்லாது.

மறுபடி அதே மாடி, அதே பல் டாக்டர். இந்தத் தடவை பீரங்கி யாரையும் பேச விடவில்லை.

"பையன் நேர்மையாத்தான் சார் தோத்தான். பேசி என்ன ஆகப்போகுது, அடிச்சுக் காட்டறேன்."

உருளும் ஆபீஸ் நாற்காலியில் முதுகுக்கு வைத்திருந்த திண்டை எடுத்துத் தலைவர் உட்கார்ந்தபடியே நெஞ்சுக்கு முன்னால் பிடித்தார். பீரங்கி மரியாதைக்காகப் பாதி வேகத்தில்தான் அடித்தார். தோள் அசையவில்லை. தலைவர் நாற்காலியோடு பின்னால் ஓடி, பீரோவில் முட்டி நின்றார்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டார் ஓய்வுபெற்ற நடுவர்.

"ஜெயிச்சது செல்லும்," என்றார் தலைவர், மூச்சு வாங்கிக்கொண்டு.

பழைய தீர்ப்பை ரத்து செய்தார்கள். ரத்தான செய்தியும் அதே வேகத்தில் பரவியது. அன்றைய பொழுது சாய்வதற்குள் ஒப்புக்கொண்டிருந்த கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. ஜெயிக்கக்கூடிய ஆளை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? அதன்பிறகு பீரங்கி ஒரு வருஷம் காத்திருந்து பார்த்தார். ஒரு கூண்டும் கூப்பிடவில்லை. கடைசியில் யாரும் சொல்லாமலே போய் மச்சானின் கடையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தார் என்று சொல்வதும் சரியில்லை. மெத்தை வாங்க வருகிறவர்களைப் படுத்துப் பார்க்கச் சொல்லுவார். அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு மல்லாந்து படுத்ததும், "இப்படித்தாங்க கெடந்தான் மின்னல்," என்று தொடங்குவார். கூண்டின் அளவு, மின்னலின் உயரம், அவன் எந்தப் பக்கம் நின்றான், இவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதெல்லாம் வரும். கை வருகிற கட்டத்தில் படுத்திருப்பவரின் முகத்துக்கு நேரே முஷ்டியை ஓங்கி, "தோளைப் பாருங்க, தோளைப் பாருங்க," என்பார். படுத்தவர்கள் தோளைப் பார்த்துக்கொண்டு அசையாமல் கிடப்பார்கள்.

அவள் மிஷினை நிறுத்துவாள். "என்னங்க, முதல்ல அவரை எந்திரிக்க விடுங்க."

"அவரு வசதியாத்தானே இருக்காரு," என்பார் பீரங்கி. "என்ன சார், மெத்தை எப்படி?"

"நல்லா இருக்குங்க," என்பார் படுத்திருப்பவர், கண்ணை முஷ்டியிலிருந்து எடுக்காமல். "இதையே கட்டிடுங்க."