என் கன்னத்துக்கு நிறம் திரும்பிய பெங்களூரு பயணங்கள்

இந்த வலைப்பதிவில் இதுவரை மலை, அருவி என்றுதான் எழுதியிருக்கிறேன். இது ஆஸ்பத்திரிப் பயணம். என்னைப்போல வெண்புள்ளியோடு பெங்களூருக்குப் போக யோசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் ஜோலார்பேட்டையில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. பதினெட்டு வயதில் இடது கன்னத்தில் ஒரு வெள்ளைத் திட்டு வந்தது. தாடை வரை இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. மைதானத்து வெயில் பட்டால் அந்த இடம் எரியும். களிம்பு, எண்ணெய், பத்தியம் எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு எண்ணெய் தோலைச் சுட்டதுதான் மிச்சம். சென்ற ஜனவரியில், பெங்களூருக்குப் போய்ப் பார்த்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். ரேவதி அக்காவும் கூட வந்தாள். மனமில்லாமல்தான்.

ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூரு கன்டோன்மென்ட் ஸ்டேஷன் சுமார் 140 கிலோமீட்டர். காலை ரயிலில் இரண்டரை மணி நேரம். மருத்துவமனை பிரேசர் டவுன் பக்கம். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவுக்கு எண்பது ரூபாய்.

டாக்டரம்மா பல தலைமுறையாக பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஒரு தாளைத் திருப்பிப் போட்டு, படம் வரைந்தே சொன்னார்.

"நிறத்தைச் செய்யற செல்லு வேற, வாங்கிக்கற செல்லு வேறம்மா. செய்யறது மேல்தோலோட அடி வரிசையில உக்காந்து, சுத்தி இருக்கற செல்லுங்களுக்கெல்லாம் கை நீட்டி, நிறத்தைப் பொட்டலம் பொட்டலமா கொடுக்கும். வாங்கினது அதைத் தன் கருவுக்கு மேல குடை மாதிரி பிடிச்சுக்கும், வெயில் தாக்காம இருக்க. உங்க கன்னத்துல வாங்கறவங்க எல்லாரும் நல்லா இருக்காங்க. கொடுக்கறவங்கதான் இல்ல. தொடையில இருந்து கொஞ்சம் எடுத்து அங்க வெக்கலாம்."

"தொடை வெளுப்பு, கன்னம் கறுப்பு. ஒட்டுப் போட்ட துணி மாதிரி தெரியாதா டாக்டர்?" என்றாள் அக்கா.

"எவ்ளோ வாங்கணும்னு அந்த எடத்துத் தோலும் முடிவு பண்ணும்மா. சில மாசத்துல பெரும்பாலும் பக்கத்து நிறத்தோட சேந்துக்கும். சிலருக்கு லேசா வித்தியாசம் நிக்கும். நிறமே வராமலும் போகலாம், அதையும் சொல்லிடறேன்."

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்தாள். "இருக்கறது போதும்டி. புதுசா ஒரு தழும்பு வேணாம்."

அடுத்த மாதமே செய்துகொண்டேன். மரத்துப்போக ஊசி போட்டு, தொடையில் மெல்லிய ஒரு சீவல் எடுத்தார்கள். அதிலிருந்து செல்களைப் பிரித்து, கன்னத்தின் மேல்தோலைத் தேய்த்து எடுத்துவிட்டு, அந்தக் கலவையைத் தடவிக் கட்டுப் போட்டார்கள். ஒரு வாரம் வாயை அதிகம் அசைக்கக் கூடாது. பக்கத்து லாட்ஜில் தங்கி, கஞ்சியும் இளநீரும் குடித்தேன்.

லாட்ஜுக்குப் போன ஆட்டோக்காரர் பெங்களூரு அடுகோடிப் பகுதித் தமிழர். கட்டைப் பார்த்து, "ஆக்சிடென்டா மேடம்?" என்றார்.

"தோல்ல செல்லு நட்டிருக்காங்க," என்றாள் அக்கா.

"அப்டியா? மேடம் பேசாதீங்க, நீங்க ஆடாம உக்காருங்க. ஹம்ப் வந்தா நான் மெதுவா ஏத்தறேன்." சொன்னபடியே ஒவ்வொரு வேகத்தடையிலும் ஊர்ந்தார்.

கட்டைப் பிரித்தபோது வெறும் சிவப்பு. அது ஆறிய பிறகு மறுபடியும் வெள்ளை. ஒரு மாதம் கடந்தும் அப்படியே இருந்தது. அக்கா தினமும் காலையில் என் முகத்தைப் பார்ப்பாள், பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இரண்டாம் மாதம் ஒரு காலை, தாடையோரம் காப்பித்தூள் சிந்தியதுபோல நாலைந்து புள்ளிகள்.

"அழுக்குடி அது," என்று அக்கா முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தாள். போகவில்லை. பிறகு அப்படியே என் தோளில் முகம் வைத்து அழுதாள்.

புள்ளிகள் பெருகின, ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டன. முதலில் கொஞ்சம் அதிகக் கறுப்பு, பிறகு தணிந்து என் நிறம். ஆகஸ்டில் போனபோது நர்ஸ் என்னை இருட்டறையில் உட்காரவைத்து ஒரு நீல விளக்கை முகத்தருகே பிடித்தார். நிறமில்லாத தோல் அதில் சுண்ணாம்பாய் ஒளிருமாம்.

"எந்தக் கன்னம் மேடம்?" என்றார்.

"இடது."

விளக்கை மேலும் கீழும் நகர்த்தினார். காதோரம் ஒரு அரிசி அளவு மட்டும் ஒளிர்ந்தது. "டாக்டர், பன்னி இல்லி," என்று கன்னடத்தில் இங்கே வரும்படி குரல் கொடுத்தார். டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, எனக்குக் கை கொடுத்தார்.

போக நினைப்பவர்களுக்கு: திட்டு ஒரு வருடமாவது பரவாமல் நின்றிருந்தால்தான் இதைச் செய்வார்கள். பழைய போட்டோக்களைக் கொண்டுபோங்கள். பரவாததற்கு அதுதான் அத்தாட்சி. எல்லாருக்கும் பலிப்பதில்லை, செலவு திட்டின் அளவைப் பொறுத்தது. வெண்புள்ளி யாருக்கும் ஒட்டாது. வெண்புள்ளியோடே நிம்மதியாக இருப்பவர்களுக்கு இந்த அலைச்சல் தேவையே இல்லை. எனக்கு வேண்டியிருந்தது, போனேன்.

திரும்பும் ரயிலில் அக்கா ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டாள். பங்காரப்பேட்டை தாண்டியதும் சாய்வு வெயில் நேராக இடது கன்னத்தில் விழுந்தது. "திரையை இழுக்கட்டுமா?" என்றாள்.

"வேணாம்க்கா, இருக்கட்டும்," என்றேன்.